சுமார்

சஹர் முடிந்த கையோடு ஷூ மாட்டிக்கொண்டேன்.
பத்தலப்பள்ளி செக்போஸ்ட்டில் ஆறு மணிக்கு
என்னோடு ஆறு பேர், இரண்டு பைனாகுலர்.
"டேனரில கணக்கு எழுதுறவங்க,
நோட்டு உங்க கைல" என்றார் முனிரத்தினம்.
லாரிக்கு ஜாக்கி போடும் கை,
குருவியைக் காட்டும்போது மட்டும்
ஒரே விரலாகிவிடும்.

பதினெட்டு வருடமாக
தோலைச் சதுர அடியில் ஏற்றுகிறேன்,
கால் அடி பிசகாமல்.
வந்தது இத்தனை, கழிவு இத்தனை, கப்பலுக்குப் போனது இத்தனை.
ஆகவே கோடு போட்டேன்:
பெயர், எண்ணிக்கை, நேரம்.
பூவை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
கடைசிப் பக்கத்தில் அதற்கும் ஒரு கோடு.

பனங்காடை ஒன்று, மின்கம்பியில்.
பாலபிட்ட, என்று கும்பிட்டாள் ரெட்டெம்மா,
வி.கோட்டா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.
கொண்டலாத்தி இரண்டு, சாணத்தைக் கிளறியபடி.
யானைச் சாணம், நேற்றையது, என்றதும்
கொஞ்ச தூரம் எல்லோரும் ஒட்டி நடந்தோம்.

எல்லைக்கல்லுக்கு அப்பால், ஓடையில்,
தோட்டக்கள்ளன் கூப்பிட்டது. இரண்டே சீட்டி.
கத்தியது ஆந்திராவில், கேட்டது தமிழ்நாட்டில்.
யார் கணக்கில் ஏற்றுவது?
கால் நிற்கிற இடம்தான், என்றார் முனிரத்தினம்.
கூப்பிட்டவன் வீடுதான், என்றாள் ரெட்டெம்மா.
சொன்னவள் செருப்பைக் கையில் எடுத்து
ஓடையைத் தாண்டி நின்று
செல்போனில் தன் பங்கைப் பதிந்துகொண்டாள்.
நான் நோட்டிலும் எழுதினேன்.
இரட்டைப் பதிவு.
ஆடிட்டர் காட்டுக்கு வருவதில்லை.

காட்டுமல்லிப் புதரில் மூக்கை நுழைத்து
"அக்கா, வாசனை!" என்றான் சேது.
நானும் குனிந்தேன்.
குரோமும் சுண்ணாம்பும் என் மூக்கை
எப்போதோ வாங்கிக்கொண்டன, ரசீது தராமல்.
எப்படியிருக்கு என்றான்.
நீ சொல்லு, எழுதிக்கறேன்.
யோசித்தான்.
"மழைக்கு முன்னாடி... இல்ல,
இஸ்திரி போட்ட துணி சூடு ஆறும்போது."
அப்படியே எழுதினேன், பூக்களின் பக்கத்தில்.

மேலே கோங்கு. ஓர் இலை இல்லை.
மஞ்சள் பூ முழுசாக விழுகிறது பாறைமேல்,
நனைந்த கைக்குட்டை விழுகிற சத்தத்தோடு.
பிளாஸ்க்கைத் திறந்தவர்கள்
என்னைப் பார்த்துவிட்டு, திரும்பி நின்று குடித்தார்கள்.
நான் தேன்சிட்டைப் பார்த்தேன்.
பூவுக்கு நாலு நொடி. பதினோரு பூ.
தொண்டை அசைவதுவரை தெரிந்தது.

வளைவு திரும்ப, புரசு.
சரிவு நெடுகப் புரசு.
எங்கள் சாயக்கூடத்துக் கலர் கார்டில்
நாற்பத்திரண்டு நிறம்.
இது இல்லை.
மோதுகு, என்றாள் ரெட்டெம்மா,
இதன் இலையில்தான் எங்கள் கல்யாணச் சாப்பாடு.
மரமெல்லாம் சூறைக்குருவி.
வெளிறிய ரோஜா உடம்பு, கரிய தலை,
நெற்றியில் மகரந்தப் பொடி,
ஒன்றையொன்று தள்ளி, திட்டி,
ஒரே பூவுக்கு நாலு அலகு.

கிளை கிளையாக எண்ணினேன்.
அறுபத்து மூன்றில் யாரோ தும்மினார்கள்.
சரிவு எழுந்தது.
கம்பளியை உதறிய ஒரே ஓசை.
ஓடைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்,
மறுபடி அந்தப் பக்கம்.
முந்நூறு என்றார் முனிரத்தினம்.
ஐந்நூறுக்குக் குறையாது, ரெட்டெம்மா.
சேது வாயைத் திறந்தபடி
எண்ணையே மறந்திருந்தான்.

பேனா நின்றது.
பதினெட்டு வருடத்தில் எந்தப் பேரேட்டிலும்
நான் எழுதாத சொல் ஒன்று உண்டு.
எழுதினேன்.
எழுதி, பக்கத்தில் எண்ணுக்கான இடத்தை
காலியாக விட்டேன்.

இறங்கும்போது ரெட்டெம்மா
நோட்டை வாங்கிப் பார்த்தாள்.
"இத எப்படிக் கூட்டுவீங்க?"
தெரியல டீச்சர், என்றேன்.
நாக்கு உலர்ந்திருந்தது.
மக்ரிபுக்கு இன்னும்
ஒன்பது மணி இருபது நிமிடம்.